பங்குனி, சித்திரை விருந்துச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரடையான் நோன்பு நெருங்கினால் போதும், என் போனுக்கு ஓய்வு இருக்காது. அண்ணன் மகள், நாத்தனார் வீட்டு மருமகள், மேல்மாடிப் பெண் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். மாவுக்குத் தண்ணீர் எவ்வளவு, பச்சடி ஏன் கெட்டியாகிவிட்டது, பாயசம் ஏன் திரிந்தது. பெரம்பூரில் 30 வருடமாகக் குடித்தனம் செய்கிறேன். எங்கள் தெருவில் தெலுங்கு வீடு உண்டு, மலையாள வீடு உண்டு, ஆங்கிலோ இந்தியக் குடும்பம் உண்டு, பள்ளிவாசலும் கூப்பிடு தூரம்தான். மார்ச் பாதியிலிருந்து மே வரை யார் வீட்டு அடுப்பிலிருந்தாவது ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். அளவுகள் என் சமையலறையில் பழகியவை. உங்கள் வீட்டு அரிசிக்கும் வெல்லத்துக்கும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

சென்னையில் வசந்தகாலம் என்று ஒன்று இருக்கிறதா? எந்த நாட்களைச் சொல்கிறீர்கள்?

தமிழ்க் கணக்கில் மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். நம் ஊரில் இளவேனில் என்பது பூவைவிட மாங்காயில்தான் தெரியும். மாசி கடைசியில் வடுமாங்காய் கூடைகள் வந்து இறங்கும். பங்குனியில் வேம்பு பூக்கும். சித்திரையில் கிளிமூக்கு மாங்காய் மலிந்து, பின்னாலேயே பங்கனபள்ளி வாசனை அடிக்கத் தொடங்கும். இந்த இரண்டு மாதத்துக்குள் காரடையான் நோன்பு (மார்ச் 14 வாக்கில்), யுகாதி, ஸ்ரீராம நவமி, பங்குனி உத்திரம், தமிழ்ப் புத்தாண்டு, விஷு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் வந்துவிடும். பள்ளித் தேர்வு முடிந்து பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். வருடத்தில் அடுப்பு அதிகம் எரிவது இந்த நாட்களில்தான்.

புத்தாண்டு இலையில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் நான்கு: மாங்காய் பச்சடி, வேப்பம்பூ ரசம், பருப்பு வடை, பாயசம். இவற்றோடு ஒரு சாம்பார், ஒரு பொரியல், அப்பளம், தயிர். இந்த மாதங்களில் முருங்கைக்காய் நிறைய வரும், விலையும் இறங்கியிருக்கும். அதனால் சாம்பாருக்கு யோசிக்கவே வேண்டாம். 15 வகை செய்து எதையும் சூடாகப் பரிமாற முடியாமல் போவதைவிட, எட்டு வகையைச் சுடச்சுடப் போடுவது எவ்வளவோ மேல். இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம் இருக்கட்டும்.

மாங்காய் பச்சடி ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. சரியான பக்குவம் என்ன?

மாங்காயே மரத்துக்கு மரம் புளிப்பு மாறும்போது, பச்சடி மாறத்தான் செய்யும். அதனால் வெல்லத்தின் அளவை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். முதலில் மாங்காயில் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். பல் கூசினால் வெல்லம் அதிகம் வேண்டும்.

நடுத்தர மாங்காய் ஒன்று, சுமார் 250 கிராம். தோலைச் சீவிவிட்டு, விரல் மொத்தத்துக்கு நறுக்கி, ஒன்றரை கப் தண்ணீரில் மஞ்சள்தூளும் இரண்டு சிட்டிகை உப்பும் போட்டு வேகவிடுங்கள். ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்தினால் பாதி மசிய வேண்டும், பாதி துண்டாக நிற்க வேண்டும். அப்புறம்தான் வெல்லம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. வெல்லம் விழுந்த பிறகு மாங்காய் மேற்கொண்டு வேகாது, நார் நாராக விறைத்துக்கொள்ளும். நிறையப் பேருக்குப் பச்சடி சரியாக வராததற்கு இதுதான் காரணம்.

100 கிராம் வெல்லத்தில் தொடங்குங்கள். முன்பே கரைத்து வடிகட்டி வையுங்கள், அடியில் எப்போதும் கொஞ்சம் மண் நிற்கும். ஐந்து நிமிடம் கொதித்ததும் ருசி பார்த்து, தேவையென்றால் இன்னும் 50 கிராம் வரை சேர்க்கலாம். நீர்க்க இருந்தால் ஒரு டீஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து விடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால், அடுப்பில் இருக்கும்போது தேனைவிடக் கொஞ்சம் தளர்வாகவே இறக்க வேண்டும். கெட்டியாகிவிட்டது என்று போன் செய்கிறவர்கள் எல்லாம் அடுப்பிலேயே தேன் பதத்துக்குக் கொண்டுபோனவர்கள்தான்.

கடைசியாகத் தாளிப்பு. கடுகு, கிள்ளிய ஒரு காய்ந்த மிளகாய். தனியாக ஒரு கரண்டி நெய்யில் வேப்பம்பூவை நிறம் மாறும்வரை வறுத்து மேலே தூவுங்கள். இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம், கசப்பு ஐந்தும் வந்துவிட்டன. ஆறாவதான துவர்ப்புக்கு மஞ்சள்தூளைக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் மாங்கொட்டையையும் சேர்த்தே வேகவைப்போம், அதன் துவர்ப்பு இறங்கும். அந்தக் கொட்டை யார் இலைக்கு என்பதில் பிள்ளைகளிடம் வருடாவருடம் பெரிய வழக்கு நடக்கும்.

அடுக்குமாடியில் இருக்கிறோம். வேப்பம்பூவுக்கு எங்கே போவது?

சென்னைத் தெருக்களில் வேப்ப மரத்துக்குப் பஞ்சமில்லை. பூ கொட்டும் நாட்களில், முந்தின இரவே மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வையுங்கள். விடியற்காலையில் வேட்டி முழுவதும் வெள்ளைப் பொரி இறைத்த மாதிரி இருக்கும். வாகனப் புகை படியும் பிரதான சாலை மரம் வேண்டாம், உள்தெரு மரமாகப் பாருங்கள். காம்பும் குச்சியும் பொறுக்கிவிட்டு, இரண்டு மூன்று நாள் காயவைத்து, ஈரமில்லாத பாட்டிலில் போட்டால் அடுத்த பங்குனி வரை வரும். பாட்டிலைத் திறந்தவுடன் தேன் கலந்த மாதிரி ஒரு மணம் வர வேண்டும். வராவிட்டால் சரியாகக் காயவில்லை என்று அர்த்தம்.

முடியாதவர்களுக்கு நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த பூ கிடைக்கும். புத்தாண்டுக்கு முதல் நாள் மயிலாப்பூர் மாடவீதிகளில் புதுப் பூவையே கூறு கட்டி விற்பார்கள்.

வேப்பம்பூ ரசம் வாயில் வைக்க முடியாத அளவு கசக்கிறது. ஏன்?

பூவைப் போட்டுக் கொதிக்கவைத்திருப்பீர்கள். புளித்தண்ணீர், உப்பு, பெருங்காயம், காய்ந்த மிளகாய் எல்லாம் பச்சை வாசனை போகக் கொதித்து, தண்ணீர் விளாவி, நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு டேபிள்ஸ்பூன் பூவை நெய்யில் காப்பிப்பொடி நிறத்துக்கு வறுத்து, அப்படியே கொட்டி மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள். மறுபடி சூடாக்க வேண்டாம்.

யுகாதி பச்சடியும் நம் மாங்காய் பச்சடியும் ஒன்றுதானே?

இல்லை. யுகாதி பச்சடியை அடுப்பில் ஏற்றுவதில்லை. புதுப்புளி கரைத்த நீரில் வெல்லம், பொடியாக நறுக்கிய மாங்காய், பச்சையான வேப்பம்பூ, உப்பு, மிளகுத்தூள் அல்லது மிளகாய் சேர்த்துக் கலக்குவார்கள். குடிக்கிற பதத்தில் இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளரில் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். கன்னட வீடுகளில் வேப்பம்பூவும் வெல்லமும் மட்டும் கலந்து கொடுப்பதும் உண்டு. யுகாதி சந்திரக் கணக்கு என்பதால் மார்ச்சிலும் வரும், ஏப்ரலிலும் வரும். நம் புத்தாண்டு சூரியக் கணக்கு, ஏப்ரல் 14-ஐ ஒட்டியே நிற்கும்.

காரடை கல்லாகிவிடுகிறது, இல்லாவிட்டால் பல்லில் ஒட்டுகிறது. எங்கே தவறு?

கல்லானால் தண்ணீர் போதவில்லை. ஒட்டினால் மாவு வறுபடவில்லை. இதைத் தாண்டி வேறு காரணம் நான் பார்த்ததில்லை.

மாவை வீட்டிலேயே தயாரித்துப் பாருங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணிமேல் பரப்புங்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். உள்ளங்கையில் ஈரம் உறைக்க வேண்டும், ஆனால் கையை உதறினால் அரிசி ஒட்டாமல் விழ வேண்டும். அந்த நேரத்தில் மிக்சியில் அரைத்துச் சலித்து, வாணலியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். முதலில் ஆவி வரும், மாவு கனமாக இருக்கும். ஏழெட்டு நிமிடத்தில் ஆவி நின்று கரண்டிக்கு லேசாகும். அப்போது ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் கோலம் இழுத்துப் பாருங்கள். கோடு அறுபடாமல் வந்தால் மாவு தயார். என் மாமியார் கடைசிவரை இந்தக் கோட்டைத்தான் நம்பினார், கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

ஒரு கப் மாவுக்கு ஒரு கப் பொடித்த வெல்லம், இரண்டு கப் தண்ணீர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, வறுத்து வேகவைத்த காராமணி இரண்டு டேபிள்ஸ்பூன், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், ஏலக்காய் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். தீயைக் குறைத்து, மாவைத் தூவிக்கொண்டே கிளறினால் இரண்டு நிமிடத்தில் சுருண்டு வரும். கை பொறுக்கும் சூட்டில் நெய் தொட்டு, வாழையிலையில் தட்டி, நடுவில் ஒரு துளை போட்டு, இட்லிப் பானையில் 10 முதல் 12 நிமிடம் வேகவிடுங்கள். வெந்த அடை மேலே எண்ணெய் தடவினது போல மினுமினுக்கும்.

உப்பு அடைக்கும் இதே அளவு மாவும் தண்ணீரும்தான். கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் உருக்காத வெண்ணெயோடு படைப்பது வழக்கம். கடையில் உப்பில்லாத வெண்ணெயாகக் கேட்டு வாங்குங்கள்.

வெல்லப் பாயசத்தில் பால் ஊற்றியதும் திரிந்துவிடுகிறது.

வெல்லத்தில் லேசான அமிலத் தன்மை உண்டு. கொதிக்கிற வெல்லத்தில் பால் பட்டால் திரியத்தான் செய்யும். அடுப்பை அணைத்து, பாயசம் நன்றாக ஆறிய பிறகு, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றுங்கள். அதைவிட நல்ல வழி தேங்காய்ப்பால். ஒரு கப் பாசிப்பருப்பை வாசனை வர வறுத்து வேகவைத்து, ஒன்றரை கப் வெல்லப் பாகு, இரண்டாம் பால் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு முதல் பாலை விட்டுக் கலக்குங்கள். முதல் பாலைக் கொதிக்கவிடக் கூடாது. ஒருமுறை உறவினர் 14 பேர் காத்திருக்க, அவசரத்தில் கொதிக்கும் பருப்புப் பாயசத்தில் நேரடியாகப் பாலை ஊற்றி, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால்தான்.

பருப்பு வடை எண்ணெய் குடிக்காமல் மொறுமொறுவென்று வர என்ன செய்ய வேண்டும்?

கடலைப்பருப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறக் கூடாது. ஊறியதைத் துணியில் பரப்பி, ஒட்டியிருக்கும் தண்ணீர் போன பிறகு அரையுங்கள். ஒரு பிடி பருப்பை அரைக்காமல் எடுத்துவைத்துக் கடைசியில் சேருங்கள். மிக்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விட வேண்டாம். வெங்காயத்தையும் உப்பையும் எண்ணெய் காய்ந்த பிறகு கலந்தால் போதும், முன்னதாகக் கலந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். 200 கிராம் பருப்பில் சுமார் 15 வடை வரும்.

ஸ்ரீராம நவமிக்குப் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு. அளவு சொல்லுங்கள்.

பானகத்துக்கு ஒரு லிட்டர் பானைத் தண்ணீர், 150 கிராம் வெல்லம், அரை டீஸ்பூன் சுக்குத்தூள், நான்கு ஏலக்காய், கால் டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு சின்ன எலுமிச்சம்பழம். பச்சைக் கற்பூரம் போடுவதானால் கடுகளவுதான். அதற்கு மேல் போனால் மருந்து மாதிரி ஆகிவிடும். நீர்மோருக்கு ஒரு கப் தயிருக்கு நான்கு கப் தண்ணீர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லியை உப்போடு நசுக்கிப் போடுங்கள். பாசிப்பருப்பு ஒரு மணி நேரம் ஊறினால் போதும், வேகவைக்க வேண்டாம். தண்ணீரை வடித்து, துருவிய மாங்காய், வெள்ளரிக்காய், தேங்காய் சேர்த்துத் தாளித்தால் வடைப்பருப்பு.

இதே பங்குனியில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உலா. அன்று கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தாலே கையில் மோர் டம்ளரைத் திணிப்பார்கள். வெயிலில் வந்த முகம் தெரியாதவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுப்பதைப் பண்டிகையாகவே வைத்திருக்கிற ஊர் இது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறையும்.

ஈஸ்டருக்கும் ரம்ஜானுக்கும் நண்பர்கள் வீட்டில் என்ன செய்வார்கள்?

ஈஸ்டருக்கு முன் 40 நாள் தவக்காலம். பல வீடுகளில் இறைச்சி இருக்காது. பெரிய வெள்ளியன்று கஞ்சிதான். அதனால் ஈஸ்டர் ஞாயிறு மதியம் கறிக்குழம்போ பிரியாணியோ மணக்கும்போது அதற்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. எங்கள் தெரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் தேங்காய்ப்பாலில் பொங்கிய மஞ்சள் சாதமும், கொத்துக்கறி உருண்டைக் குழம்பும், பச்சை வெங்காயமும் மிளகாயும் வினிகரும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த சிவப்புச் சட்னியும் செய்வார்கள். அந்தச் சட்னியின் பெயரே டெவில் சட்னி. மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சாப்பாடு.

ரம்ஜான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே நகரும். 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. அதனால் சில வருடங்களாக நோன்புக் கஞ்சியும் மாங்காய்க் காலமும் சேர்ந்தே வருகின்றன. குருணை அரிசி, கொஞ்சம் பாசிப்பருப்பு, வெந்தயம், முழுப் பூண்டு, இஞ்சி, கொத்துக்கறி எல்லாம் குழையக் குழைய வெந்து, கடைசியில் தேங்காய்ப்பால். கூடவே சூடாக ஒரு பருப்பு வடை. உடம்புக்கு முடியாத நாளில்கூட எனக்கு இறங்குகிற சாப்பாடு அது.

குடும்பம் கூடும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டன் பிரியாணி. 8, 10 பேருக்கு எவ்வளவு?

சீரக சம்பா ஒரு கிலோ, மட்டன் ஒன்றேகால் கிலோ, வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி 400 கிராம், தயிர் ஒரு கப், இஞ்சியும் பூண்டும் சேர்ந்து 200 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்ந்து கால் லிட்டர். புதினா, கொத்தமல்லி தாராளமாக.

வெங்காயத்தைப் பொன்னிறத்துக்குக் கொண்டுவர 15 நிமிடமாவது நிற்க வேண்டும். பாதியில் அவசரப்பட்டால் கடைசிவரை நிறமும் வராது, இனிப்பும் வராது. இஞ்சி பூண்டு வாசனை அடங்கியதும் மட்டனைப் போட்டு, தயிர், தக்காளி, மிளகாய்த்தூள் சேர்த்து, கறி முக்கால் பதத்துக்கு மேல் வேகட்டும். அரிசி 20 நிமிடம் ஊறினால் போதும். தண்ணீர்தான் எல்லாரும் தவறுகிற இடம். கறி விட்ட நீரையும் அளந்துகொள்ளுங்கள். அதையும் சேர்த்து ஒரு கப் அரிசிக்கு ஒன்றே முக்கால் கப். அரிசி மேலே தெரியும் அளவு தண்ணீர் வற்றியதும், பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல் வைத்து, மூடிமேல் கனம் ஏற்றி, சின்னத் தீயில் 20 நிமிடம் தம். அணைத்த பிறகும் 15 நிமிடம் திறக்காதீர்கள். திறந்ததும் பக்கவாட்டில் இருந்து கரண்டியை விட்டுப் புரட்டினால் அரிசி உடையாது.

சென்னையில் இதற்குத் துணை எண்ணெய்க் கத்தரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் அவித்த முட்டையும். புத்தாண்டு அன்று பெரும்பாலும் சைவம்தான் என்பதால், எங்கள் வீட்டில் அதை அடுத்து வரும் ஞாயிறு பிரியாணிக்கு என்றே ஒதுக்கப்பட்டது.

புத்தாண்டுக்கு அப்புறம் மீன் விலை ஏன் இப்படி ஏறுகிறது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் அவை கரையில் வரிசை கட்டி நிற்கும். நாட்டுப் படகு, ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரம் பிடிப்பது மட்டும் வரும். வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்டாமல் நெத்திலி வாங்குங்கள். மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்புக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. மாங்காய் புளிப்பதால் புளி நெல்லிக்காய் அளவு போதும். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்ததும் மாங்காய்த் துண்டு, அது பாதி வெந்ததும் மீன். நெத்திலிக்கு ஐந்து நிமிடம் தாராளம். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றுங்கள்.

12 பேர் வருகிறார்கள். நான் ஒருத்திதான் சமைக்க வேண்டும். எப்படிச் சமாளிப்பது?

முதலில், ஒருத்தியாகச் சமைக்காதீர்கள். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். என் அம்மா எல்லாப் பண்டிகையிலும் மூன்று பந்திக்குப் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்குமேல் ஆறிப்போன ரசத்தை ஊற்றி, மேடை ஓரமாக நின்றபடியே சாப்பிடுவார். அவர் செய்த வடையை அவர் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் எங்கள் வீட்டில் சமைத்தவர் முதல் பந்தியில் உட்கார வேண்டும், பரிமாறுவது மற்றவர்கள் வேலை. வீட்டு ஆண்கள் தேங்காய் துருவட்டும், இலை கழுவட்டும், அப்பளம் பொரிக்கட்டும்.

இனி அளவு. 12 பேருக்கு அரிசி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சாம்பார், ரசம், கெட்டிப் பருப்பு மூன்றுக்கும் சேர்த்துத் துவரம்பருப்பு அரைக் கிலோ. வடைக்குக் கடலைப்பருப்பு 400 கிராம். பாயசம் ஒன்றரை லிட்டர்.

முதல் நாள் மாலையே பச்சடியைச் செய்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஒரு இரவு ஊறினால் ருசி கூடும். வேப்பம்பூவை மட்டும் மறுநாள் வறுத்துத் தூவுங்கள். காய் நறுக்குவது, புளி கரைப்பது, வெல்லம் வடிகட்டுவது எல்லாம் முதல் நாளே. மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கடலைப்பருப்பை ஊறப்போட்டு, குக்கரை ஏற்றுங்கள். பாயசம், சாம்பார், பொரியல், ரசம் என்ற வரிசையில் போனால் பதினொன்றரைக்கு அடுப்பு காலியாகும். வடையை இலை போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெல்லப் பாயசம் சாப்பிடலாம்தானே?

வெல்லமானால் சர்க்கரை ஏறாது என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைச் சத்துதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவர் சொல்லட்டும். அவர்களுக்காக நான் நீர்மோரும், இனிப்பில்லாத வடைப்பருப்பும், உப்பு அடையும் கூடுதலாகச் செய்வேன். இலையில் ஏதோ குறைகிறது என்று அவர்களுக்குத் தோன்றக் கூடாது.

இந்த வெயிலில் சமைத்தது கெடாமல் இருக்க?

ஏப்ரலில் சென்னை வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். தேங்காய் சேர்த்தவற்றையும் பால் சேர்த்தவற்றையும் சாப்பிட்டு முடித்த கையோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள், மாலைவரை மேடையில் விடாதீர்கள். இட்லி மாவு மார்கழியில் ஒரு இரவு முழுக்கப் பொங்காது, சித்திரையில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கி வழியும். தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசையுங்கள், சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

லீவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் என்ன?

மெரினாவில் விற்கிற தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலை வீட்டிலேயே செய்யுங்கள். பட்டாணியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, குழையாமல் வேகவைத்து, கிளிமூக்கு மாங்காயையும் தேங்காயையும் பொடியாக நறுக்கிப் போட்டுத் தாளித்தால் ஆயிற்று. மாங்காய் நறுக்கும் வேலையைக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடமே கொடுங்கள். பாதி சுண்டலுக்கு வரும் முன்பே காணாமல் போகும், பரவாயில்லை.

மாவடு போட இன்னும் நேரம் இருக்கிறதா?

புத்தாண்டுக்குள் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் வடு முற்றி உள்ளே ஓடு கட்டிவிடும். ஒரு கிலோ உருண்டை வடுவைக் கழுவித் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல், இரண்டு டேபிள்ஸ்பூன் விளக்கெண்ணெயில் புரட்டுங்கள். கல் உப்பு 150 கிராம், மிளகாய்த்தூள் 50 கிராம், கடுகுத்தூள் 30 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் மஞ்சள்தூள். ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு, தினமும் இரு முறை குலுக்குங்கள். மூன்று நான்கு நாளில் தண்ணீர் விட்டு, வடு சுருங்கத் தொடங்கும். காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்குங்கள், ஒட்ட எடுத்தால் அழுகும்.

விருந்துக்குப் பிறகு வடை மிஞ்சிவிட்டது. என்ன செய்யலாம்?

மிஞ்சினால் நல்லது, மறுநாள் காலை வடைகறி. சைதாப்பேட்டை வடைகறியின் பெயர் ஊரெல்லாம் தெரியும், ஆனால் பண்டிகைக்கு மறுநாள் வீட்டில் செய்வதும் குறைந்ததில்லை. பட்டை, கிராம்பு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி, மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுத் தண்ணீர் தாராளமாக விடுங்கள். வடையைக் கையால் நான்காக உதிர்த்து, குழம்பு கொதித்த பிறகு சேருங்கள். வடை தண்ணீரை நிறைய உறிஞ்சும், அதனால் கெட்டியாகிவிட்டதே என்று பயப்படாமல் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். இட்லியோ செட் தோசையோ போதும். பத்து நிமிடம் மூடிவைத்து, வடைக்குள் காரம் இறங்கிய பிறகு பரிமாறுங்கள்.